தந்தியில் வாசிக்காத சொல்

இறைவன் துணை
ஜனவரி 6

அன்பு வாயாடிக்கு உன் அண்ணி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் பிள்ளைகள் மூவரும் சுகம். உன் அண்ணனுக்கு இருமல் போவதுபோல் போய்த் திரும்பி வந்திருக்கிறது. அச்சகத்து மைதான் காரணம் என்றால் கோபம் வருகிறது, அதனால் இருமலுக்கே காரணம் இல்லை என்று வைத்துக்கொண்டோம். நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் நலமாக இருக்க வேண்டும்.

தேதி நெருங்க நெருங்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எதற்குப் பயம்? எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் பதினான்கு பெண்களும் உனக்காகக் கைகூப்பி உட்கார்ந்து நாற்பது நாளாகிறது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் என் நோட்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. யாருக்காக, என்ன வேண்டுதல், என்றைக்குக் கேட்டோம், என்றைக்குக் கிடைத்தது, நான்கு கட்டம். பிரசவம் மட்டும் இதுவரை முப்பத்தொன்று. முப்பத்தொன்றும் சுகப்பிரசவம். நீ முப்பத்திரண்டு. தையல்கார அம்மா சொல்கிறாள், "உங்க நாத்தனாருக்குத் தும்முற நேரத்துல புள்ள வந்துரும் பாருங்க" என்று.

பெரியவனுக்குப் பரீட்சை இருப்பதால் என்னால் கூட வந்திருக்க முடியவில்லை. தாய் இல்லாத பெண்ணுக்கு அண்ணி இருந்தும் இல்லாமல் போயிற்றே என்று மனம் அடித்துக்கொள்கிறது. பரீட்சை முடிந்ததும் ஓடி வருவேன். வாயைக் கொஞ்ச நாள் மூடி வைத்து, மூச்சைச் சேர்த்து வை. அது வேண்டியிருக்கும்.

உன் நலனையே கேட்டுக்கொண்டிருக்கும்
அண்ணி


ஜனவரி 25
மருத்துவமனை

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள், அண்ணன், பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம்தானே? தந்தி கிடைத்திருக்கும். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன், வரிகள் மலையேறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டு மணி நேரம் வலி கண்டேன், அண்ணி. நீங்கள் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் டாக்டரம்மா வந்து, "குழந்தையோட துடிப்பு குறையுதும்மா, இனிமே காத்திருக்க முடியாது" என்றார். இவர் கையெழுத்துப் போட்டார். ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி டிக்கெட் கிழிக்கிற கை, காகிதத்தில் கோணல்மாணலாகப் போனது.

முதுகில் ஊசி போட்டதாலோ என்னவோ, எல்லாம் முடிந்ததும் குளிர் ஆட்டியது. பல் தந்தியடித்தது. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "பொண்ணும்மா, கையை நீட்டுங்க" என்றாள். என் இரண்டு கையும் தனியாக ஆடிக்கொண்டிருந்தன. "வேண்டாம்" என்றேன். கீழே போட்டுவிடுவேன் என்றுதான் பயந்தேன். ஆனால் வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான். என் மகள் காதில் நான் போட்ட முதல் சொல் 'வேண்டாம்'. உங்களைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை. நர்ஸ்தான் குனிந்து அவள் கன்னத்தை என் கன்னத்தில் வைத்தாள்.

இப்போது வயிற்றின் மேல் தலையணை வைத்து அதன் மேல் அவளைக் கிடத்திக்கொள்கிறேன். பக்கத்துக் கட்டில்காரிக்கு இது இரண்டாவது ஆபரேஷன். அவள்தான் எனக்கு வாத்தியார். "சிரிப்பு வந்தா தலையணையை அமுக்கிக்கிட்டுச் சிரி. என் வீட்டுக்காரர் வரும்போது எனக்கு ரெண்டு தலையணை வேணும்" என்றாள். அதற்கே தையல் விட்டுப்போகிற மாதிரி இருந்தது. நாளைக்குத் தையல் பிரிக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குக் குழந்தையைவிடக் கனமாக எதையும் தூக்கக்கூடாதாம்.

கூட்டத்தில் சொல்லிவிட்டீர்களா, அண்ணி? என்ன சொன்னார்கள்? முப்பத்தொன்றும் சரியாக வந்த வரிசையில் நான் வந்து கெடுத்துவிட்டேன். எல்லோரும் உட்கார்ந்து வேண்டினார்கள், என்னால்தான் முடியவில்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுதுங்கள்.

உங்கள்
வாயாடி


இறைவன் துணை
ஜனவரி 30

அன்பு வாயாடிக்கு,

உன் கடிதம் கண்டு உன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு மை பட்டுவிட்டது என்றார். நாங்கள் சுகம். உன் உடம்பு எப்படி, பால் இருக்கிறதா, வயிறு சரியாகப் போகிறதா என்று எல்லாவற்றையும் விவரமாக எழுது.

வெந்நீர்தான் குடி. இருமினால் கையை வயிற்றில் வைத்துக்கொள். இருபத்திரண்டு மணி நேரம் பட்டது போதும், கடைசிக் கஷ்டத்தை டாக்டர் வாங்கிக்கொண்டார் என்று நினைத்துக்கொள். ஒரு வகையில் நீ நோகாமல் நோன்பு கும்பிட்டவள்! சும்மா சிரிக்கத்தான் எழுதினேன், தலையணையைப் பிடித்துக்கொள்.

கூட்டத்தில் தந்தியை வாசித்தேன். எல்லோரும் கைகூப்பி நன்றி சொன்னார்கள். கூட்டத்தில் பாட்டுப் பாடும் ஆசிரியையம்மா சந்தோஷத்தில் இரண்டு முறை பாடினாள்.

தையல்கார அம்மா தன் மகன் வீட்டுக்கு உங்கள் ஊருக்கு வருகிறாள். குழந்தைக்கு ஆறு சட்டை தைத்து எடுத்து வருவாள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவள் வந்தால் ஆபரேஷன் பேச்சை நீயாக எடுக்காதே. வயதானவள், கத்தி, ரத்தம் என்றால் பயந்துபோவாள்.

உன்னையும் தங்கத்தையும் ஆண்டவன் காப்பாற்றட்டும்.

அண்ணி


பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலமா? அண்ணன் இருமல் எப்படி? நாங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது.

நேற்று தையல்கார அம்மா வந்தார்கள். சட்டைகள் அளவெடுத்ததுபோல் இருக்கின்றன. அவர்கள் கத்திக்கும் ரத்தத்துக்கும் பயப்படுகிறவர்களாகத் தெரியவில்லை, அண்ணி. வந்து உட்கார்ந்த சூட்டோடு, வழியில் ஒரு விபத்தைப் பார்த்ததை அங்கம் அங்கமாக விவரித்தார்கள்.

நான் படுத்திருந்தேன். "என்னடி இது, சுகப்பிரசவம் ஆன பொண்ணு பத்தொன்பது நாளாகியும் பாயை விட்டு எந்திரிக்கல? உங்க அண்ணி தந்தியை வாசிச்சதும் நாங்க எல்லாம் எப்படிக் கும்பிட்டோம் தெரியுமா? நானெல்லாம் ஒம்பதாம் நாள் மிஷின்ல உக்காந்தவ" என்றார்கள்.

அத்தை வாயைத் திறந்தார். நான் கண்ணைக் காட்டினேன். அத்தை வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பாத்திரங்கள்தான் பேசின.

"குளிப்பாட்டுற நேரம்தானே? குளிப்பாட்டு பாப்போம், நானும் கண்ணால பாத்துட்டுப் போய் அங்க சொல்லணுமில்ல" என்றார்கள். எழுந்தேன். தொட்டிக்கு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து குளிப்பாட்டினேன். இன்னொரு வாளியும் எடுத்தேன். "பாத்தியா, வேண்டுதலோட பலன்! வாளி என்ன, கிணத்தையே தூக்குவா போல" என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம். நானும் சிரித்தேன். போகும்போது என் தலையில் கைவைத்து வாழ்த்தினார்கள்.

கொஞ்சம் அசதியாக இருக்கிறது. காலையில் புடவையில் வயிற்றுப் பக்கம் ஈரமாக இருந்தது. பாலாகத்தான் இருக்கும்.

உங்கள் பேர் இங்கே பத்திரம், அண்ணி.

வாயாடி


இறைவன் துணை
பிப்ரவரி 14

அன்பு வாயாடிக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தை உடனே எழுது. தையல்கார அம்மா திரும்பி வந்தாள். கூட்டத்தில் அரை மணி நேரம் நீதான் பேச்சு. நீ வாளி தூக்கியதை அவள் எழுந்து நின்று நடித்தே காட்டினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

நீ ஏன் தூக்கினாய்? முடியவில்லை என்று சொல்லிப் படுத்திருக்கக்கூடாதா? அந்த ஈரம் எப்படி இருக்கிறது? பால் என்றால் மேலே இருக்கும், வயிற்றுப் பக்கம் ஏன் வருகிறது? டாக்டரம்மாவிடம் காட்டினாயா? மற்றதை நேரில் பேசலாம். இதற்கு மட்டும் பதில் போடு.

அண்ணி


இறைவன் துணை
மார்ச் 1

வாயாடிக்கு,

பதினைந்து நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ இப்படி இருந்ததே இல்லை. சின்னவளாக இருந்தபோது கோபம் வந்தால் பேசமாட்டேன் என்பதையே பத்துத் தடவை வந்து சொல்லிவிட்டுப் போவாய். தபால்காரர் தெரு முனையில் திரும்பும்போதே வாசலுக்கு வந்துவிடுகிறேன். "இருந்தா நான் குடுக்க மாட்டேனாம்மா" என்கிறார்.

கோபம் என்றால் திட்டியாவது எழுது. தங்கம் எப்படி இருக்கிறது?

அண்ணி


மார்ச் 6

மதிப்புக்குரிய அக்காவுக்கு, உங்கள் மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. அங்கு அனைவரும் நலம் என நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் மன்னிக்கவும்.

அவளைப் பிப்ரவரி 11 அன்று மறுபடி மருத்துவமனையில் சேர்த்தோம். காய்ச்சல் கொதித்தது. தையல் போட்ட இடம் உள்ளே சீழ் வைத்து இரண்டு விரல் அகலம் திறந்துகொண்டது. மறுபடி தைக்க முடியாதாம், அடியிலிருந்து தானாகவே மூட வேண்டுமாம். தினமும் கழுவித் துணி வைத்துக் கட்டுகிறார்கள். அந்த நேரம் நான் வெளியே நிற்பேன். அவள் கத்தமாட்டாள். கத்தினால்கூடத் தேவலை. உங்களுக்கு எழுத வேண்டாம் என்று சொன்னதால் இதுவரை எழுதவில்லை.

மருந்து கடுமையானது என்பதால் பால் கொடுக்கவில்லை. அம்மா புட்டியில் கொடுக்கிறார். குழந்தையைத் தூக்க அவளுக்கு அனுமதி இல்லை. டூட்டி முடிந்து நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கட்டில் ஓரத்தில் நிற்கிறேன். அவள் பார்க்கிறாள், தொடுவதில்லை.

ஏன் வாளி தூக்கினாய் என்று கேட்டால் பதில் இல்லை. அம்மாவும் "அவளையே கேளு" என்கிறார். என் வீட்டில் எல்லாருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா அக்கா?

இப்படிக்கு,
மாப்பிள்ளை


இறைவன் துணை
மார்ச் 10

வாயாடிக்கு,

மாப்பிள்ளை கடிதம் வந்தது. எனக்குத் தெரியும் என்று அவருக்குப் பதில் போட்டுவிட்டேன். என்ன தெரியும் என்பதையும் எழுதிவிட்டேன். இப்போது உனக்கு.

உன் தந்தி ஒரு வியாழக்கிழமை, கூட்டம் நடக்கும்போதே வந்தது. எல்லோரும் "வாசிங்க, வாசிங்க" என்றார்கள். 'பெண் குழந்தை. ஆபரேஷன். இருவரும் நலம்.' இவ்வளவுதான் அதில் இருந்தது. நான், "பெண் குழந்தை, இருவரும் நலம்" என்று வாசித்தேன். நடுவில் இருந்ததைப் பார்த்தேன். நாக்கு அதைத் தாண்டிப் போனது. தையல்கார அம்மா, "சுகப்பிரசவம்!" என்று கத்தினாள். இல்லை என்று நான் சொல்லவில்லை. நான் பொய் எதுவும் சொல்லவில்லையே, ஒரு சொல்லை வாசிக்கவில்லை, அவ்வளவுதானே என்று இரண்டு மாதமாக ஆண்டவனிடம் வழக்காடிக்கொண்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை கடிதம்தான் வந்தது.

தெருவில் நடந்து போனால், "அவங்க வேண்டினா நல்லபடியா ஆகும்" என்று பெண்கள் பேசுவது காதில் விழும். எழுதப் படிக்கத் தானாகக் கற்றுக்கொண்ட எனக்கு அதுதான் பட்டம். அந்தப் பட்டத்தில் கீறல் விழுந்துவிடுமே என்று உன் வயிற்றில் இருந்த கீறலை மறைத்தேன். நீ கேட்ட ஒரே கேள்விக்கும் மழுப்பினேன். 'நோகாமல்' என்று ஒரு வேடிக்கை வேறு எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. இல்லை, கிழிக்காதே, வைத்துக்கொள்.

கூட்டத்தில் சொல்லிவிட வேண்டும். எழுத முடிகிறது, சொல்லத்தான் வாய் வரவில்லை. நாளைக்கு வியாழக்கிழமை. உன்னைப் பார்க்க ஓடி வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது.

அண்ணி


மார்ச் 19

அண்ணிக்கு,

அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டேன். நர்ஸ் வந்து கட்டு மாற்றுகிறாள். இரண்டு விரல் ஒரு விரலாகியிருக்கிறது.

உங்கள் கடிதத்தை இவர் வாசித்துக் காட்டினார். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். மீதியை நானே வாசித்தேன்.

தையல்கார அம்மா வந்து ஒரு நிமிடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. என் அண்ணி என்னை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று. முதலில் அதுதான் தைத்தது. ஆனால் முழுப் பழியையும் நீங்களே சுமக்க வேண்டாம், அண்ணி. உங்களுக்காக மட்டும் நான் அந்த வாளியைத் தூக்கவில்லை. அந்தப் பொய் எனக்கும் பிடித்திருந்தது. அரை மணி நேரம் நான் சுகப்பிரசவம் ஆனவளாக இருந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை அவ்வளவு நன்றாக இருந்தது. இரண்டாவது வாளி தேவையே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. அந்தப் பார்வைக்காகத்தான் எடுத்தேன்.

அதற்கு விலை கொடுத்தவள் இவள். புட்டிக்குப் பழகிவிட்டாள். அத்தை தோளில் சாய்ந்தால் அழுகை நிற்கிறது. என் பக்கத்தில் படுக்கவைத்தால் ஆரம்பிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி நேற்று, "பெத்தவளையே தெரியல பாரு இதுக்கு" என்று சிரித்துவிட்டுப் போனாள். நானும் சிரித்தேன். இப்போது சிரித்தால் வயிறு வலிப்பதில்லை.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டத்தில் சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் வராதீர்கள். வந்து நின்றால் என் முகத்தை நீங்களும் பார்க்க முடியாது, உங்கள் முகத்தை நானும் பார்க்க முடியாது.

உங்கள் நாத்தனார்


இறைவன் துணை
மார்ச் 27

அன்பு வாயாடிக்கு,

ஒரு விரலாகிவிட்டது என்ற வரியை உன் அண்ணன் மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவது முறை. உடம்பு சுகம்.

முந்தாநாள் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். தந்தியைக் கையோடு கொண்டுபோய், "இதை நான் சரியா வாசிக்கல, மறுபடி வாசிக்கிறேன்" என்று முழுதாக வாசித்தேன். அதன்பிறகு நடந்ததையும் சொன்னேன்.

தையல்கார அம்மா எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். "அப்ப நான் குளிப்பாட்டச் சொன்னப்போ அவ வயித்துல பச்சைப் புண்ணா இருந்துச்சு? பாவி மக, நான் என்ன பேயா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தூக்கி ஊத்தியிருப்பேனே! ஊசி குத்துனாலே மூணு நாள் துணியைத் தொடாதவ நான், என் கையால அந்தப் புள்ளைய இப்படிப் பண்ண வச்சிட்டியே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் என்னை ஒருமையில் பேசியது இதுதான் முதல் தடவை. பொருத்தமாகத்தான் இருந்தது.

ஆசிரியையம்மா மெதுவாக, "அப்ப நாம அன்னிக்குச் சொன்ன நன்றி எல்லாம்?" என்றாள். "புள்ள உசுரோட இருக்கில்ல, அதுக்குச் சொன்னதா வச்சுக்குங்க" என்று தையல்கார அம்மா மூக்கைச் சிந்தினாள்.

இதோடு முடிந்திருந்தால் தேவலை. எல்லோரும் போன பிறகு பால்காரர் மனைவி மட்டும் செருப்பை மாட்டாமல் நின்றுகொண்டிருந்தாள். "அக்கா, எனக்கும் ஆபரேஷன்தான்" என்றாள். அவள் மகனுக்கு நான்கு வயது. "ஏண்டி சொல்லல?" என்றேன். "ஆஸ்பத்திரிக்கு வந்ததும் வராததுமா, சுகப்பிரசவம்தானேன்னு கேட்டுக்கிட்டே நோட்டைத் திறந்தீங்க. அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எப்படி அக்கா இல்லன்னு சொல்றது?" என்றாள். அவளும் ஒன்பதாம் நாளே தண்ணீர்க் குடம் எடுத்தாளாம். நான் பார்க்கிறேன் என்று.

நேற்று இன்னும் மூன்று பேர் தனித்தனியாக வந்தார்கள். ஒருத்திக்குக் குழந்தையே எட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. யாரும் பொய் சொல்லவில்லை, என்னிடம் ஒரு சொல்லை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறார்கள், நான் தந்தியை வாசித்ததுபோல. இத்தனை வருடம் என் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடியவர்கள், என்னிடம் உண்மையைச் சொல்லப் பயந்தே மூடியிருக்கிறார்கள். நான் வேண்டிக்கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். வலியோடு நடக்க வைத்திருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தை ஆசிரியையம்மாவை நடத்தச் சொல்லிவிட்டேன். நான் பின்வரிசையில் உட்கார்வேன்.

பெரியவனுக்குப் பரீட்சை முடிந்தது. ஏப்ரல் பதினைந்தாம் தேதி ரயில். நான் வரலாமா? வேண்டாம் என்றால் அதையும் எழுது. முழுசாக வாசிப்பேன்.

அண்ணி


ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனும் பிள்ளைகளும் நீங்களும் நலம்தானே? நான் நலம். இந்தத் தடவை முறைக்காக எழுதவில்லை. புண் மூடிவிட்டது. டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, "இனிமே உங்க பொண்ணை நீங்களே தூக்கலாம்" என்றார். பக்கத்தில் அத்தை குழந்தையோடு நின்றிருந்தார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, ஏதோ புதுமனுஷியை அறிமுகப்படுத்துவதுபோல.

வீட்டுக்கு வந்து ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன். மூன்று மாதத்தில் நல்ல கனமாகிவிட்டாள். கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள், உதடு பிதுங்கியது, வீடே இடிகிற மாதிரி கத்தினாள். அத்தை கையை நீட்டி, "குடும்மா, நான் அமத்திக் குடுக்கறேன்" என்றார். "இல்ல அத்தை, அழட்டும். நான் வெச்சுக்கறேன்" என்றேன். இவர் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார். அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. சும்மா பேசினேன். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடி, அப்பாவின் டிக்கெட் பை, வாயில் வந்ததையெல்லாம். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று அவளுக்கு இன்னும் தெரியாதே. அழுகை கொஞ்ச நேரம் நின்று கேட்டது, மறுபடி ஆரம்பித்தது, மறுபடி நின்று கேட்டது. கடைசியில் என் தோளிலேயே தூங்கிப்போனாள். சமாதானமாகித் தூங்கினாளா, களைத்துத் தூங்கினாளா, தெரியாது. நான் அசையவில்லை.

அன்றிலிருந்து பகலெல்லாம் நானேதான் வைத்திருக்கிறேன். இன்னும் அழுகிறாள், நேற்றைவிடக் குறைவு.

பதினைந்தாம் தேதி வாருங்கள், அண்ணி. இவர் ஸ்டேஷனுக்கு வருவார். அதிகம் பேசமாட்டார், தப்பாக நினைக்காதீர்கள். அத்தை பேசுவார், அதையும் தப்பாக நினைக்காதீர்கள்.

ஒன்று மட்டும். வந்ததும் கையை நீட்டிக் குழந்தையைக் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நான் தூக்கினது எனக்கே இன்னும் போதவில்லை.

உங்கள்
வாயாடி